ஜொகூரில் நுண்கணித ஆசிரியரும் கருவியும்: ஒரு பயிற்சி வரலாறு

மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் நுண்கணிதம் தனிப் பாடமாக என்றும் இருந்ததில்லை. படிவம் 4, படிவம் 5 எனப்படும் மேல் வகுப்புகளில், பெரும்பாலும் அறிவியல் துறை மாணவர்கள் விருப்பப் பாடமாக எடுக்கும் கூடுதல் கணிதத்தின் ஒரு பகுதியாகவே அது மாணவர்களை முதன்முதலில் வந்தடைகிறது. மாறிக்கொண்டிருக்கும் ஓர் அளவு குறிப்பிட்ட கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் கண்டறியும் வகையிடலும், எண்ணற்ற சிறு கூறுகளைச் சேர்த்து மொத்தத்தைக் கண்டறியும் தொகையிடலும் அதன் இரு கிளைகள். பதினாறு, பதினேழு வயதில் இவ்விரண்டையும் எதிர்கொள்ளும் மாணவருக்கு விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. அவ்விதிகள் எதைச் சொல்கின்றன என்பதைக் காண்பதுதான் அரிது. அந்தக் காட்சியைத் தரும் என்ற நம்பிக்கையில் காலந்தோறும் ஏதேனும் ஒரு கருவி வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்டது. அதைக் கையாளும் பயிற்சியும் ஆசிரியருக்கு உடன் வந்தது.

இப்பயிற்சியின் வரலாற்றை ஆராய்வதற்கு ஜொகூர் மாநிலம் மிகவும் பொருத்தமான களம். நுண்கணிதக் கற்பித்தலை ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் இங்கே ஸ்கூடாயில் இருக்கிறது. 1924ஆம் ஆண்டு முதல் நிலத்தொடர்பு தந்துவரும் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்துக்கு அப்பால், மலேசியாவைப் போலவே கேம்பிரிட்ஜ் தேர்வு மரபிலிருந்து கிளைத்து வேறு முடிவுகளை எடுத்த சிங்கப்பூரின் கல்வி முறை இருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது: ஆசிரியர் கற்ற கருவிகளில் தேர்வறைக்குள் நுழைய இசைவு பெற்றவை மட்டுமே வகுப்பறையில் நிலைத்தன, மற்றவை, அவற்றுக்கான பயிற்சி எவ்வளவு விரிவாக நடந்திருந்தாலும், அடுத்த கொள்கை மாற்றம் வரும்வரைதான் நீடித்தன.

அட்டவணைகளின் காலம்

ஜொகூர் சுல்தானகம் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரத்தை முறைப்படி ஏற்றுக்கொண்ட 1914ஆம் ஆண்டிலேயே ஜொகூர் பாருவில் அரசு ஆங்கிலப் பள்ளி ஒன்றும் தொடங்கியது. நெடுங்காலம் ஆங்கிலக் கல்லூரி என்றும் இன்று மக்தாப் சுல்தான் அபு பக்கார் என்றும் வழங்கும் அப்பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கடல்கடந்த நாடுகளுக்கென நடத்திய பள்ளிச் சான்றிதழ்த் தேர்வை நோக்கியே தன் கணித வகுப்புகளை அமைத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டு ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர், யூக்ளிடின் நிறுவல்களை ஒப்பிப்பதைக் குறைத்துக் கட்டத்தாளில் வளைகோடு வரைந்து நுண்கணிதக் கருத்துகளை இளம் மாணவருக்கும் கொடுக்கலாம் என்று வலியுறுத்தியபின், கட்டத்தாள் பள்ளிக் கணிதத்தின் வழக்கமான பொருளாயிற்று. 1944இல் ஜெஃப்ரி குழு அளித்த மாற்றுப் பாடத்திட்டம், எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் ஆகியவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகக் கற்பிப்பதோடு நுண்கணிதத்தின் தொடக்கக் கூறுகளையும் பள்ளி நிலைக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பிந்தைய மலாயாவின் கூடுதல் கணிதம் இந்தச் சிந்தனை மரபைச் சேர்ந்தது.

அக்காலக் கணித ஆசிரியர் கையாண்ட முதன்மைக் கருவி நான்கிலக்க மடக்கை அட்டவணை. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிக் கணக்கிட உதவிய அந்தச் சிறு நூலில், ஓர் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை வரிசையிலும் நிரலிலும் தேடி, நான்காம் இலக்கத்துக்குரிய திருத்தத்தைப் பக்கவாட்டில் பார்த்துக் கூட்டும் பழக்கத்தை ஆசிரியர் முதலில் தாம் பெற்றுப் பின் மாணவருக்குத் தந்தார். இதற்கெனத் தனிப் பயிற்சி இயக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அட்டவணை தேர்வறையில் மேசைமீது இருந்ததால், அதைப் பயன்படுத்தத் தெரியாத ஆசிரியர் கணித ஆசிரியராக நீடிக்க முடியாத நிலை இருந்தது.

ஆசிரியர்களின் எண்ணிக்கையும் அப்போது குறைவே. 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரி ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பட்டம் பெற்ற ஆசிரியர்களை உருவாக்கும் நோக்கத்தையும் கொண்டிருந்தது. 1950களில் இங்கிலாந்தின் கிர்க்பியிலும் பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜிலும் மலாயா அரசுக்கென நடந்த ஆசிரியர் கல்லூரிகள் அந்த எண்ணிக்கையைக் கூட்டின. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ இவ்வுலகம் மிகவும் தொலைவில் இருந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு முடிந்துவிட்டன. நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லக் கட்டணமும் போக்குவரத்தும் மொழியும் தடையாக நின்றதால், கூடுதல் கணித வகுப்புவரை எட்டியவர்கள் சிலரே.

மொழி மாற்றமும் புதுக் கணிதமும்

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வகுத்த தேசியக் கல்வி முறையில், தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த மாணவர் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் மலாய் மொழியை வலுப்படுத்திக்கொண்டு தேசிய இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் வழி உருவாயிற்று. இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் கீழ்நிலைப் படிவங்களுக்குச் செல்லத் தொடங்கியபோது, குளுவாங், சிகாமட், பத்து பகாட், மூவார் போன்ற நகரங்களில் இடைநிலைப் பள்ளிகள் பெருகின. தகுதி பெற்ற கணித ஆசிரியருக்கான தேவையும் அதே வேகத்தில் உயர்ந்தது.

இந்த விரிவாக்கத்தின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மாற்றங்கள் வந்தன. முதலாவது, கணங்கள், சார்புகள், அணிகள் ஆகியவற்றை முன்னிறுத்திய புதுக் கணிதம். பிரிட்டனின் ஸ்காட்லாந்துக் கணிதக் குழு போன்றவற்றின் நூல்களைத் தழுவி 1970களில் மலேசியப் பள்ளிகளில் அது பரவியது. இரண்டாவது, பயிற்றுமொழி மாற்றம். 1970இல் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு படியாக ஏறிய மலாய் மொழி, 1982க்குள் ஆறாம் படிவத்தை எட்டியபோது, ஆங்கிலத்தில் நுண்கணிதம் கற்ற ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தம் கலைச்சொற்கள் அனைத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்றாவது, 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. ஒளிபரப்பு நேரத்துக்கேற்ப வகுப்பைத் திட்டமிடும் திறமையை அது ஆசிரியரிடம் எதிர்பார்த்தது.

பினாங்கில் 1967இல் நிறுவப்பட்ட ரெக்சாம் என்னும் தென்கிழக்காசிய அறிவியல் கணிதக் கல்வி மையம் இவ்வாண்டுகளில் வட்டாரம் முழுவதிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. உள்நாட்டில் நிலைபெற்றதோ படிநிலைப் பயிற்சி முறை. அமைச்சின் தலைநகரப் பயிலரங்கில் கற்ற சிலர் முதன்மைப் பயிற்றுநராகி மாநில அளவில் கற்பிப்பர். அங்கே கற்றவர்கள் மாவட்டத்தில் கற்பிப்பர். மாவட்டத்தில் கற்றவர் தம் பள்ளிக்குத் திரும்பிச் சக ஆசிரியர்களுக்கு ஒரு பிற்பகலில் சுருக்கிச் சொல்வார். குறைந்த செலவில் பல்லாயிரம் பேரை எட்டுவதற்கு வேறு வழி எளிதாக இல்லை என்றாலும், ஒவ்வொரு படியிலும் நேரம் குறைந்ததால், 'ஏன்' என்ற விளக்கம் முதலில் உதிர்ந்து 'எப்படி' என்ற செய்முறை மட்டும் கடைசி ஆசிரியரை அடைந்தது. 1980களில் மாவட்டங்கள்தோறும் அமைந்த ஆசிரியர் நடவடிக்கை மையங்கள், ஆசிரியர்கள் கூடிக் கற்பித்தல் பொருள்களைச் செய்துகொள்ள இடம் தந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன.

வரைபடம் திரைக்கு வந்தபோது

இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் நுண்கணிதக் கற்பித்தலின் அடித்தளமே அசையத் தொடங்கியிருந்தது. 1985இல் கேசியோ நிறுவனம் வெளியிட்ட கணிப்பான் ஒரு சார்பின் வளைகோட்டைக் கையடக்கத் திரையில் வரைந்து காட்டியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வெயிட்ஸ், ஃபிராங்க் டெமானா என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் அத்தகைய கணிப்பானைக் கற்பித்தலில் புகுத்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். அந்த முயற்சி, ஆசிரியரே ஆசிரியருக்குக் கற்பிக்கும் பெரும் வலையமைப்பாக வளர்ந்தது. 1995இல் அமெரிக்கக் கல்லூரி வாரியம் பள்ளி மாணவர்க்கான தன் உயர்நிலை நுண்கணிதத் தேர்வில் வரைபடக் கணிப்பானைக் கட்டாயமாக்கியபோது, அதுவரை ஆர்வலர்களின் செயலாக இருந்த அப்பயிற்சி எல்லா ஆசிரியர்களுக்கும் தவிர்க்க முடியாததாயிற்று.

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டால் வேறொரு கோணத்தில் சென்றார். நுண்கணிதத்தை 'எல்லை' என்ற நுண்ணிய கருத்தில் தொடங்கினால் மாணவர் தடுமாறுவதைக் கண்ட அவர், 1980களின் நடுவில் தாம் உருவாக்கிய மென்பொருளில், வளைகோட்டின் ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிக் காட்டும் முறையைக் கையாண்டார். சைன் சார்பின் வளைகோட்டை எந்தப் புள்ளியில் பெரிதாக்கினாலும் அது சற்று நேரத்தில் நேர்கோடாகத் தோன்றும். அந்த நேர்கோட்டின் சாய்வே அப்புள்ளியிலுள்ள வகைக்கெழு. ஓர் எண்ணின் குறியை நீக்கி அதன் அளவை மட்டும் தரும் தனிமதிப்புச் சார்பையோ சுழியப் புள்ளியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் கூர்முனை மழுங்காது. ஆகவே அங்கே வகைக்கெழு இல்லை. நிறுவல் எதுவுமின்றி, ஆனால் நிறுவலுக்குப் பொய்யாகாத வகையில், ஒரு வளைகோட்டுக்கு எங்கே சாய்வு உண்டு, எங்கே இல்லை என்பதை மாணவர் இவ்வழியில் காண முடிந்தது.

கருவியின் ஆற்றலோடு அதன் ஏமாற்றுகளும் வந்தன என்பதால்தான் ஆசிரியர் பயிற்சி இன்றியமையாததாயிற்று. திரை தனித்தனிப் படப்புள்ளிகளால் ஆனது. பல கணிப்பான்கள் அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுவதால், டேன்ஜென்ட் சார்பு 90 பாகையில் வரையறுக்கப்படாமல் இருக்கும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு தோன்றி, அதுவும் வளைகோட்டின் பகுதியே என்று மாணவரை நம்பவைக்கும். சைனின் வகைக்கெழு கொசைன் என்ற விதி, கோணத்தை ரேடியன் அலகில் அளக்கும்போது மட்டுமே பொருந்தும். கணிப்பானைப் பாகை நிலையில் வைத்துச் சுழியத்தில் சாய்வைக் கேட்டால் 1 என்ற விடைக்குப் பதிலாக ஏறத்தாழ 0.01745 என்ற எண் வரும். பொத்தான்களை மட்டும் கற்ற ஆசிரியர் இதைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்குவார். கருத்தையும் கற்றவர் அந்த எண் 180ஆல் வகுக்கப்பட்ட பை என்பதைக் காட்டி, ரேடியன் ஏன் தேவை என்ற பாடத்தையே அதிலிருந்து தொடங்குவார்.

லீ ஷுல்மன் 1986இல் சுட்டிக்காட்டியதும் இந்த வேறுபாட்டையே: பாடத்தை அறிவதும், பொதுவாகக் கற்பிக்க அறிவதும் போக, அந்தப் பாடத்தை அந்த மாணவருக்குப் புரியும்படி ஆக்க அறிவது தனி அறிவு என்றார் அவர். 2006இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் ஆகியோர் அதனுடன் தொழில்நுட்ப அறிவையும் இணைத்து, மூன்றும் சந்திக்கும் இடத்தையே ஆசிரியர் பயிற்சியின் இலக்காக வரையறுத்தனர். மலேசிய ஆசிரியர் கல்வி ஆய்வுகளிலும் அந்தச் சட்டகம் விரைவில் இடம்பெற்றது.

ஸ்கூடாயில் ஒரு சோதனை

தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கி, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்த நிறுவனம், 1980களில் ஜொகூர் பாருவுக்கு அருகிலுள்ள ஸ்கூடாயில் தன் பெரிய வளாகத்தை அமைத்துக்கொண்டது. பொறியியலே அதன் முதன்மைத் துறை என்றாலும், அறிவியலையும் கணிதத்தையும் கல்வியியலோடு சேர்த்துக் கற்பிக்கும் பட்டங்களும் அங்கே வளர்ந்தன. தென்மாநில இடைநிலைப் பள்ளிகளுக்குக் கணித ஆசிரியர்களை உருவாக்குவதில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. ஜொகூர் பாருவிலும் பத்து பகாட்டிலும் உள்ள ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் பெரிதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையில், நுண்கணிதம் கற்பிக்கும் மேல்படிவ ஆசிரியர் பல்கலைக்கழக வழியாகவே வருகிறார்.

இப்பல்கலைக்கழகத்தின் கணித விரிவுரையாளர் யுடாரியா முகமது யூசோப், வாரிக் பல்கலைக்கழகத்தில் டேவிட் டாலின் வழிகாட்டலில் 1995இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, நேரடியாகக் கருவிகளைப் பற்றியது அன்று. ஆயினும் பயிற்சியின் வரலாற்றுக்கு அது தரும் பாடம் பெரிது. விதிகளை ஒப்பிக்கும் மாணவர்களுக்குக் கணிதச் சிந்தனையைக் கற்றுத்தரும் பாடநெறி ஒன்றை அவர் அமைத்தார். ஒரு சிக்கலைத் தாமே தாக்கி, தடைப்பட்டு, ஊகித்து, ஊகத்தைச் சோதித்து, பிறருக்கு நிறுவிக் காட்டும்படி மாணவர்கள் அதில் பழக்கப்பட்டனர். பாடநெறியின் முடிவில் கணிதத்தைப் பற்றிய அவர்களுடைய மனப்பான்மை, விரிவுரையாளர்கள் விரும்பும் திசையிலேயே மாறியிருந்தது. ஆனால் வழக்கமான விரிவுரைகளுக்குத் திரும்பிய ஆறு மாதத்துக்குப்பின் மீண்டும் அளந்தபோது, அம்மாற்றத்தின் பெரும்பகுதி எதிர்த்திசையில் திரும்பிவிட்டிருந்தது. டாலும் யுடாரியாவும் 1999இல் இம்முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

தனியொரு பாடநெறி எவ்வளவு நன்றாக அமைந்தாலும், மாணவர் திரும்பிச் செல்லும் அன்றாடச் சூழல் மாறாவிட்டால் அதன் பயன் கரைந்துவிடும் என்ற இம்முடிவு, பயிலரங்கிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியருக்கும் அப்படியே பொருந்தும். அடுத்த பத்தாண்டுகளில் யுடாரியாவும் அவருடைய சக விரிவுரையாளர் ரோஸலைனி அப்துல் ரஹ்மானும் பல்கலைக்கழகத்தின் அன்றாட நுண்கணித வகுப்பையே மாற்றியமைக்க முனைந்ததையும், அதன் தொடர்ச்சியாக நேர்முக வகுப்பையும் கணினிவழிக் கற்றலையும் கலந்த முறைகள் அங்கே ஆராயப்பட்டதையும் இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

அதே வளாகத்தின் கல்வியியல் துறை, அறிவியலையும் கணினியையும் கல்வியியலையும் ஒரே பட்டத்தில் இணைத்துக் கணித ஆசிரியர்களை உருவாக்கியது. அப்பட்டத்தின் இறுதியாண்டு மாணவர்கள் பலர், பள்ளிப் பாடத்தின் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு கணினிவழிக் கற்றல் மென்பொருள் ஒன்றை ஆதர்வேர் போன்ற செயலிகளில் தாமே உருவாக்கித் தம் ஆய்வேடாக அளித்தனர். பிறர் செய்த மென்பொருளை இயக்கக் கற்பதைவிட இது ஆழமான பயிற்சி. எந்த எடுத்துக்காட்டு முதலில் வர வேண்டும், மாணவர் எங்கே தவறுவார், தவறினால் திரை என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமல் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது.

மடிக்கணினியும் ஆங்கிலமும்

1996இல் மலேசிய அரசு அறிவித்த பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் முன்னோடிக் கூறுகளுள் ஒன்று விவேகப் பள்ளி. 1997இல் வரையறுக்கப்பட்டு, 1999 முதல் 2002 வரை நாடெங்கும் ஏறத்தாழ 90 பள்ளிகளில் சோதிக்கப்பட்ட இத்திட்டத்தில், மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கு மின்னணுக் கற்றல் பொருள்கள் உருவாயின. கணினிக்கூடம், இணைய இணைப்பு, மேலாண்மை மென்பொருள் ஆகியவற்றை ஆசிரியர் ஒரே சமயத்தில் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய அலை 2003இல் எழுந்தது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை அவ்வாண்டு முதலாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகிய வகுப்புகளில் தொடங்கியது. தமிழ்ப் பள்ளிகளிலும் இவ்விரு பாடங்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறின. கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும், பள்ளிகளுக்குப் படவீழ்த்திகளும் பாடக் குறுந்தட்டுகளும் அமைச்சின் செலவில் வழங்கப்பட்டன. மலேசிய வரலாற்றில் கணித ஆசிரியர் கையில் இவ்வளவு தொழில்நுட்பம் ஒரே வீச்சில் சேர்ந்தது அதுவே முதன்முறை. ஆனால் அக்கருவிகளோடு வந்த முதன்மைப் பயிற்சி, கணிதத்தையும் அறிவியலையும் கற்பிப்பதற்கான ஆங்கிலத்தைப் பற்றியது. மலாயில் பட்டம் பெற்ற ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கத் திணறும் இடத்தில் குறுந்தட்டின் குரல் துணைநிற்கும் என்பதே ஏற்பாட்டின் உள்நோக்கமாக இருந்ததால், மடிக்கணினி கணிதத்தைக் காட்டும் கருவியாக ஆவதற்கு முன் மொழியைத் தாங்கும் கருவியாக ஆயிற்று. 2003இல் படிவம் 1இல் நுழைந்த மாணவர்கள் 2006இல் படிவம் 4க்கு வந்து வகையிடலை ஆங்கிலத்தில் கற்று, 2007இல் படிவம் 5இன் இறுதியில் நடக்கும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதினர். 2009 ஜூலை 8ஆம் நாள், ஜொகூர் பாகோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான முகிதீன் யாசின் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்படும் என்று அறிவித்ததோடு, அதற்கெனப் பெற்ற பயிற்சியின் பெரும்பகுதி தன் நோக்கத்தை இழந்தது.

இவ்வாண்டுகளிலேயே கூடுதல் கணிதப் பாடத்திட்ட விளக்க நூல் வரைபடக் கணிப்பானையும், உருவங்களை இழுத்து மாற்றிப் பார்க்க உதவும் ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் போன்ற மென்பொருள்களையும் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. 1991இல் அமெரிக்காவில் வெளியான அம்மென்பொருளைப் பள்ளிகள் பயன்படுத்துவதற்கான உரிமத்தையும் அமைச்சு பெற்றது. ஒரு வளைகோட்டின்மீது இரு புள்ளிகளை வைத்து, அவற்றை இணைக்கும் வெட்டுக்கோட்டின் ஒரு முனையை மற்றதை நோக்கி இழுத்துவந்தால், வெட்டுக்கோடு தொடுகோடாக மாறுவதை மாணவர் கண்முன் காணலாம். ஆயினும் எஸ்.பி.எம். வினாத்தாளின் முகப்பு, நிரலிட முடியாத அறிவியல் கணிப்பானை மட்டுமே அனுமதித்தது. அந்த ஒரு வரியே பாடத்திட்ட நூலின் பரிந்துரைகளைவிட வலிமையாக வகுப்பறையை ஆண்டது. சைன் மதிப்பும் மடக்கையும் தரும் அறிவியல் கணிப்பான், பழைய அட்டவணையின் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாணவர் பையிலும் இடம்பெற, வரைபடக் கணிப்பான் பயிலரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் மட்டும் தங்கிவிட்டது.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூர் நீரிணையின் மறுகரையில் நடந்தது இதற்கு நேர்மாறான வரிசை. சிங்கப்பூரில் 2006இல் நடைமுறைக்கு வந்து 2007இல் முதன்முறையாகத் தேர்வு நடத்தப்பட்ட உயர்நிலைப் பாடத்திட்டம், வரைபடக் கணிப்பான் ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கும் என்ற அனுமானத்தின்மேலேயே கணித வினாக்களை அமைத்தது. தேர்வு மாறியதால் தொடக்கக் கல்லூரிகளின் கணித ஆசிரியர் அனைவரும் அக்கருவியைக் கற்றுக்கொண்டனர். இம்மாற்றம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பில் நிகழ்ந்தது என்பதையும், எஸ்.பி.எம்.மோடு ஒப்பிடத்தக்க சாதாரண நிலைக் கூடுதல் கணிதத்தில் சிங்கப்பூரும் அறிவியல் கணிப்பானோடே நின்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் ஒப்பீடு தெளிவானது: அங்கே தேர்வு முன்னே சென்று பயிற்சியை இழுத்தது, இங்கே பயிற்சி முன்னே சென்று தேர்வின் வாசலில் நின்றது.

எஸ்.பி.எம். தேர்வின் ஆட்சி அரசுப் பயிற்சிக்கு வெளியிலும் நீண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த காலத்தில், இந்திய மாணவர்களின் கல்விக்காக 1982இல் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் நாடெங்கும் துணைவகுப்புகளை நடத்தின. பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் அவற்றில் கற்பித்தனர். கடந்த ஆண்டுகளின் வினாத்தாளும் வெண்பலகையுமே அங்கே கருவிகள். தேர்வு கேட்பதைத் தேர்வு கேட்கும் வடிவிலேயே பழக்கிய அவ்வகுப்புகள், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் வாயிலான பாடங்களில் ஒரு சமூகத்தின் பிள்ளைகளைத் தேறச்செய்யும் உடனடிக் கடமையை ஆற்றின. அவற்றிடம் வேறு கருவியை எதிர்பார்ப்பதற்குத் தேர்வு காரணம் எதையும் தரவில்லை.

இணையத் தளங்களின் பத்தாண்டு

2010களில் கருவியின் வடிவம் மாறியது. பள்ளிகள் அனைத்தையும் இணையத்தால் இணைக்கும் ஒன்-பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் ஃபிராக் என்னும் மெய்நிகர் கற்றல் தளத்தில் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். 2019இல் அத்திட்டம் முடிவுற, 2020இல் டெலிமா என்ற தளம் அதன் இடத்துக்கு வந்தது. இவை எந்தப் பாடத்துக்கும் பொதுவான தளங்கள் என்பதால், நுண்கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே பயிற்சியைப் பெற்றனர். பாடம் சார்ந்த துணை வேறு வழியில் வந்தது. 2013ஆம் ஆண்டுக் கல்விப் பெருந்திட்டத்தின்கீழ் மாவட்டக் கல்வி அலுவலகங்களில் அமர்த்தப்பட்ட கணிதப் பயிற்றுநர்கள், ஆசிரியரைப் பயிலரங்குக்கு அழைப்பதற்கு மாறாக அவருடைய வகுப்புக்கே சென்று பாடத்தைக் கவனித்து வழிகாட்டினர். படிநிலைப் பயிற்சியில் கடைசிப் படி எப்போதும் மெலிந்துபோனதற்கு இது முறையான மறுமொழியாக இருந்தது.

ஆஸ்திரியரான மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா, உரிமக் கட்டணமின்றிக் கைப்பேசியிலும் இயங்கியதால், பழைய மென்பொருள்களின் பணத்தடையை நீக்கியது. புதிய இடைநிலைப் பாடத்திட்டம் 2020இல் படிவம் 4ஐ எட்டியபோது வகையிடல், தொகையிடல் இரண்டும் படிவம் 5இல் அடுத்தடுத்த அத்தியாயங்களாகவும், நேர்கோட்டு இயக்கத்தில் அவற்றின் பயன்பாடு அதே ஆண்டின் இறுதி அத்தியாயமாகவும் அமைந்தன. அப்பாடத்திட்டத்தின் முதல் அணியினர் நுண்கணிதம் கற்ற 2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்த ஆண்டாக அமைந்துவிட்டது. எந்தப் பயிலரங்கும் சாதிக்காத வேகத்தில் ஆசிரியர்கள் திரைப்பகிர்வையும் ஒளிப்பதிவையும் எழுதுபலகைச் செயலிகளையும் கற்றுக்கொண்டனர். மாற்றுவழி இல்லாததே அவ்வேகத்துக்குக் காரணம். பள்ளிகள் திறந்து மாற்றுவழி திரும்பியதும் வகுப்புகள் பெரும்பாலும் வெண்பலகைக்கே திரும்பின.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு, ஜொகூர் ஆசிரியர்கள் புதுமையை ஏற்கத் தயங்கியவர்கள் என்ற எளிய முடிவுக்கு இடந்தரவில்லை. மடக்கை அட்டவணையையும் அறிவியல் கணிப்பானையும் அவர்கள் தயக்கமின்றி ஏற்றனர்; இருமுறை பயிற்றுமொழியையே மாற்றிக் கற்பித்தனர்; பெருந்தொற்றில் சில வாரங்களுக்குள் வகுப்பைத் திரைக்குக் கொண்டுசென்றனர். மாணவரின் மதிப்பெண்ணோடு அல்லது வகுப்பின் நடைமுறைத் தேவையோடு தொடர்புற்ற எந்தக் கருவியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆகவே அடுத்த பயிற்சித் திட்டத்தின் பயன், எத்தனை பேர் பயிலரங்குக்கு வந்தனர் என்பதைவிட, திரையில் ஒரு வளைகோட்டைப் பார்த்து விளக்கம் எழுதுமாறு கேட்கும் ஒரு வினா எஸ்.பி.எம். தாளிலோ பள்ளி மதிப்பீட்டிலோ இடம்பெறுகிறதா என்பதையே சார்ந்திருக்கும். அந்த வினாவுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் ஆசிரியர், வளைகோட்டைப் பெரிதாக்கினால் ஏன் நேர்கோடாகிறது என்பதையும், பாகை நிலையில் வரும் விந்தையான எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் தாமே தேடிக் கற்றுக்கொள்வார். அவருக்குத் தேவைப்படும் பாடம் சார்ந்த துணையைத் தரும் பல்கலைக்கழகமும் மாவட்டப் பயிற்றுநரும் கட்டணமில்லா மென்பொருளும் ஜொகூரில் ஏற்கெனவே உள்ளன.